அசலுக்குப் போட்ட புள்ளடி

மாம்பழத்தை மற்றவர்கள் முகர்ந்து பார்ப்பார்கள். கொஞ்சம் துணிந்தவர்கள் அமுக்கிப் பார்ப்பார்கள். செலினக்கா சரித்துப் பார்க்கிறார். டென்மார்க்கின் விபோர்க் நகரத் தமிழ்க்கடையில், சனிக்கிழமைச் சனத்துக்கு நடுவில், ரியூப்லைற்றுக்கு நேரே பழத்தைப் பிடித்து, முதலில் நேராக, பிறகு இடப்பக்கம், பிறகு வலப்பக்கம். கடைசியில் வாயருகே கொண்டுபோய் ‘ஹா’ என்று ஒரு மூச்சு விட்டுவிட்டுக் காத்திருக்கிறார். மாம்பழம் மாம்பழமாகவே இருக்கிறது. வரிசையில் பின்னால் நிற்பவர்களின் முகம்தான் நிறம் மாறுகிறது.

“அக்கா, அது பழம். உங்கட லேபிள் இல்லை” என்கிறார் கடைக்காரர்.

“தெரியும் தம்பி. கை கேக்குதில்லை.”

சிரித்துக்கொண்டே பழத்தைப் பைக்குள் போடுகிறார். போடுவதற்கு முன் அதன் அடிப்பக்கத்தில் பெருவிரலால் ஓர் அழுத்து அழுத்தி, “போ ராசா” என்கிறார். அதுவும் தொழில் பழக்கம்தான். தேறியதை அழுத்தி அனுப்பாவிட்டால் அவருக்குப் பொழுது விடியாது.

முழுப்பெயர் மேரிசெலின். நகரத்துக்கு வெளியே, வயல்களுக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவில் இருக்கிற ஒரு லேபிள் தொழிற்சாலையில் தரம் பார்ப்பது வேலை. மருந்துப் பெட்டிகளில் ஒட்டுவதற்கு, நகத்தளவில் ஒரு பச்சை வட்டம் அங்கே தயாராகிறது. போலி மருந்து விற்கிறவர்கள் பெட்டியை அப்படியே அச்சடித்துவிடுவார்கள், எழுத்தையும் அச்சடித்துவிடுவார்கள். இந்த வட்டத்தை மட்டும் அச்சடிக்க முடியாது. நேரே பார்த்தால் பச்சை. சரித்தால் நீலம். மூச்சுப் பட்டால் செம்மஞ்சள். மூச்சின் ஈரம் காய்ந்ததும், ஒன்றும் நடவாததுபோல மறுபடியும் பச்சை.

இத்தனைக்கும் அதில் சாயம் ஒரு சொட்டும் இல்லை. மயிலிறகை உரலில் போட்டு இடித்தால் நீலம் கிடைக்காது அல்லவா, அப்படித்தான். யாராவது கேட்டால் செலினக்கா ஆற அமர விளக்குவார். “உள்ளுக்குள்ளை கண்ணுக்குத் தெரியாத மணியள் அடுக்கிக் கிடக்கு, பிள்ளை. அந்த அடுக்கிலை வெளிச்சம் பட்டுத் தெறிக்கேக்கை வாற நிறம் அது. மூச்சுப் பட்டா ஈரம் ஏறி அடுக்கு விலகும், நிறம் மாறும். காய்ஞ்சா திரும்ப நெருங்கும். சூடை மீனைக் கையிலை வைச்சுத் திருப்பினா வயித்திலை ஓடுமே ஒரு மினுக்கம், அந்தச் சாதிதான்.” இதற்கு மேல் கேட்டால், “எனக்கு இவ்வளவுதான் தெரியும், மிச்சத்தைக் கியர்ஸ்டனிட்டைக் கேள்” என்று கையை விரித்துவிடுவார். கியர்ஸ்டன் அவருடைய மேற்பார்வையாளர். உயரமான, சத்தமாகச் சிரிக்கிற டேனிஷ்காரி.

மூச்சு விடுவதற்கென்று தொழிற்சாலை ஒரு சின்னக் கருவி கொடுத்திருக்கிறது. பொத்தானை அமுக்கினால் அளவாக நீராவி ஊதும். மற்ற மேசைகளில் அது ஊதிக்கொண்டே இருக்கிறது. செலினக்காவின் மேசையில் அதன் மேல் அவருடைய குளிர்க்குல்லா கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது. “மூச்சு விட எனக்கு மெசின் வேணுமோ?” என்பது அவருடைய கட்சி. லேபிள் சுருளிலிருந்து ஒரு துண்டை எடுத்து ‘ஹா’ என்று ஊதி, பச்சை செம்மஞ்சளாகி மறுபடி பச்சையாகும் வரை கண்ணை எடுக்காமல் பார்த்திருப்பார். திரும்பி வந்ததும் முகம் மலர்ந்துவிடும். அதைப் பார்க்கிறவர்கள், ஏதோ ஒரு குழந்தை காய்ச்சல் விட்டு எழும்பியதாக நினைத்துக்கொள்ளலாம். பிறகு சுருளின் வலது மூலையில் ஒரு வெள்ளை வட்ட ஸ்டிக்கரை ஒட்டி, பெருவிரலால் அழுத்தி, “போ ராசா.” அந்த ஸ்டிக்கரில் ‘கோத்கென்ட்’ என்று அச்சடித்திருக்கும். ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று பொருள். கீழே அவருடைய பெயரின் இரண்டு எழுத்துகள்.

இவ்வளவு கெட்டிக்காரத்தனமும் பிறவியில் வந்தது என்று நினைக்க வேண்டாம். ஆனைக்கும் அடி சறுக்கும். செலினக்காவுக்கு முதல் நாளே சறுக்கியது. அதற்கு முன் அவர் அதே தொழிற்சாலையில் ஜாம் போத்தல், பிஸ்கட் பெட்டி லேபிள்கள் அச்சடிக்கும் பகுதியில் பல வருடம் இருந்தவர். அங்கே சட்டம் ஒன்றே ஒன்றுதான்: முதல் லேபிளில் என்ன சிவப்போ அதே சிவப்பு கடைசி லேபிளிலும் இருக்கவேண்டும். ஒரு மயிரிழை மங்கினாலும் அக்காவின் கண்ணுக்குத் தப்பாது. அந்தக் கண்ணுக்காகத்தான் புதுப் பகுதிக்கு எடுத்தார்கள். முதல் நாள் கியர்ஸ்டன் இரண்டு தாள்களைக் கொடுத்து, எது நல்லது என்று பார்த்து வை, இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். ஒன்று அசல். மற்றது, பழகுவதற்காக அவர்களே சாதாரண மையில் அச்சடித்த போலி.

அக்கா இரண்டையும் சரித்துப் பார்த்தார். ஒரு தாள் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே பச்சை, கழுவி வைத்த வாழையிலை மாதிரி. மற்றது இங்கே பச்சை, அங்கே நீலம், விரல் ஈரம் பட்ட இடத்தில் செம்மஞ்சள். இதென்ன கேவலமான அச்சு என்று அவருக்குக் கோபமே வந்துவிட்டது. சிவப்பு மார்க்கரை எடுத்து, அந்தத் தாளில் மூலைக்கு மூலை இரண்டு கோடு குறுக்கே இழுத்து, பிழை என்று ஒரு பெரிய புள்ளடி போட்டார். வாழையிலைப் பச்சைக்குக் ‘கோத்கென்ட்’ ஒட்டி, ஓர் அழுத்து. கியர்ஸ்டன் திரும்பி வந்தபோது, “இதிலை சாயம் நிக்குதில்லை” என்று தன் டேனிஷில் முறைப்பாடும் வைத்தார்.

கியர்ஸ்டன் சிரித்த சிரிப்பில் கதிரை தேடி உட்கார வேண்டியதாயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அக்காவின் கையைப் பிடித்து, இங்கே எல்லாம் தலைகீழ் என்று சொல்லிக்கொடுத்தார். போலிதான் எப்போதும் ஒரே மாதிரி இருக்கும். அசல் மாறும், மாறித் திரும்பி வரும். புள்ளடி போட்ட அந்தத் தாள் இன்றும் தொழிற்சாலைச் சாப்பாட்டறைச் சுவரில் தொங்குகிறது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அதைக் காட்டித்தான் பாடம் தொடங்குவார்கள். அக்காவுக்கு அதில் வருத்தமில்லை. “தொங்கட்டும், கண்ணூறு பட்டாலும் அதிலை பட்டுப் போகும்” என்பார்.

வீட்டில் இந்தத் தொழிலின் வாசனை இல்லாத இடம் கிடையாது. வேலைக்குப் போட்டுக்கொண்டு போகும் சாம்பல்நிறக் கம்பளிச் சட்டையைத்தான் வீட்டிலும் போடுவார். அதில் எங்கேயாவது இரண்டு மூன்று ‘கோத்கென்ட்’ ஒட்டிக்கொண்டிருக்கும். சலவை இயந்திரத்துக்குள் போன ஸ்டிக்கர்கள் கணவர் பஸ்தியாம்பிள்ளையின் காலுறையிலும், மகள் ஜெனிதாவின் ஜீன்ஸிலும் ஏறி வெளியே வரும். கிம்னாசியம் என்கிற மேல்வகுப்புப் பள்ளியில் படிக்கிற ஜெனிதா, தன் முதுகில் ‘ஏற்றுக்கொள்ளப்பட்டது’ என்று எழுதியிருந்தது தெரியாமல் ஒரு முழு நாள் பள்ளிக்கூடத்தில் திரிந்தவள். அதற்கு அவள் டேனிஷில் சண்டை பிடிக்க, அக்கா தமிழில் சிரித்தார்.

ஊர்ப் பெண்கள் சிலர் காப்பையும் சங்கிலியையும் கொண்டுவந்து, “செலினக்கா, இது சுத்தத் தங்கமோ, ஒருக்காச் சரிச்சுப் பாருங்கோ” என்று நீட்டுவதுண்டு. “நான் நகைக்கடை வைச்சிருக்கிறனோ?” என்று அதட்டுவார். அதட்டிவிட்டுச் சரித்தும் பார்ப்பார். பஸ்தியாம்பிள்ளை ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை செய்கிற, வாய்க்கு ருசியாகப் பேசுகிற மனிதர். “கலியாணத்துக்கு முன்னம் என்னை மட்டும் இவ சரிச்சுப் பாக்கேல்லை” என்று விருந்துகளில் சொல்வார். “பாத்திருந்தா இப்பவும் ஊரிலை, குருநகரிலைதான் நிண்டிருப்பியள்” என்று குசினிக்குள் இருந்து பதில் வரும்.

போன வருடம் அந்தப் பகிடிகள் நின்றுபோயின.

அக்காவுக்கு ஒரேயொரு தம்பி, லூக்காஸ். வீட்டில் கடைக்குட்டி என்பதால் செல்லப்பெயர் ‘சூட்டி’. அக்கா டென்மார்க்குக்கு வந்தபோது அவன் அரைக்காற்சட்டைப் பையன். பிறகு இடம்பெயர்ந்து வன்னிக்குப் போய், அங்கேயே தாயையும் அடக்கம் செய்து, புதுக்குடியிருப்பில் சைக்கிள் திருத்தும் கடை போட்டு இருந்தான். சமாதான காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுப்பான். எடுத்தால் அக்காவுக்கு வாய் திறக்க இடமிருக்காது. “அக்கோய், நீ என்ன, டென்மார்க் வெண்ணெய் திண்டு குரலும் தடிச்சுப் போச்சு” என்று தொடங்கினால், சந்தை விலை, ஊர்க்கதை, தன் பெண்பார்க்கும் படலங்கள் எல்லாம் முடிந்துதான் வைப்பான். அக்காவை ‘நீ’ என்றுதான் கூப்பிடுவான். அந்த ஞாயிற்றுக்கிழமைகள் யுத்தம் திரும்பியதோடு ஐதாகி, போன வருடத் தொடக்கத்தில் அடியோடு நின்றன.

யுத்தம் முடிந்துவிட்டது என்ற செய்தியை டேனிஷ் தொலைக்காட்சி வானிலைக்கு முன் சொல்லி முடித்தது. அன்று காலையும் அக்கா வேலைக்குப் போனார். ஊதினார், பார்த்தார், ஒட்டினார். ‘போ ராசா’ மட்டும் வரவில்லை. கியர்ஸ்டன் ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் ஒரு கோப்பி வைத்துவிட்டுப் போனார். மேசையில் கைத்தொலைபேசி வைத்திருக்கக் கூடாது என்பது தொழிற்சாலைச் சட்டம். அக்காவுடையது குளிர்க்குல்லாவுக்குள் ஒளிந்திருப்பதைக் கியர்ஸ்டன் கண்டும் காணாமல் விட்டார்.

ஆனி மாதத்தில் ஒரு நாள் அது அடித்தது. வன்னிச் சனத்தை அடைத்து வைத்திருந்த முகாமிலிருந்து பேசுவதாக ஒரு வாலிபக் குரல், உற்சாகமாக. “அக்கா, என்னைத் தெரியேல்லையோ?”

“சூட்டியோ? என்ர லூக்காசோ?” என்று அக்கா கத்தினார். பெயரையும் செல்லப்பெயரையும் அவரே எடுத்துக் கொடுத்துவிட்டார் என்பது அந்த நேரத்தில் யாருக்குத் தோன்றும்? குரல் சிரித்தது, சளசளவென்று பேசியது, ‘நீ’ என்று உரிமையோடு அழைத்தது, சைக்கிள் கடை போய்விட்டதே என்று அழுதது. சைக்கிள் கடையையும் அக்காதான் முதலில் சொல்லியிருந்தார். அப்படியே மாறாத சூட்டி. அன்று வீட்டில் பாயாசம். முகாமில் இருந்து வெளியே எடுப்பதற்கு என்று அவன் கேட்ட காசும் போய்ச் சேர்ந்தது. சில நாள் கழித்து, ஹோர்சென்ஸ் நகரத்தில் தெரிந்தவரான மரியநாயகி வீட்டுத் தொலைபேசியில் அதே குரல், அதே சிரிப்பு, அதே அழுகையோடு அவர்களுடைய காணாமல் போன மருமகனாகப் பேசியிருப்பது தெரியவந்தது. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பிய வீடுகள் இன்னும் எத்தனையோ.

செலினக்கா அதற்குப் பிறகு யாரோடும் அதைப்பற்றிக் கதைக்கவில்லை. போன காசைப்பற்றி அவருக்குக் கவலையில்லை. தம்பியை ஒரு தரம் கையில் தந்துவிட்டுப் பறித்துக்கொண்டார்களே என்பதுதான் அவரைத் தின்றது. போலி பிடிக்கிற வேலை பார்த்துக்கொண்டு போலியிடம் ஏமாந்தோமே என்ற வெட்கமும் இருந்தது.

ஆகவே ஆடி மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டாவது அழைப்பு வந்தபோது அவர் உருக்காய் நின்றார். பஸ்தியாம்பிள்ளை ஒலிபெருக்கியைப் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தார். சூடு கண்ட பூனைகள் இரண்டும்.

அடைத்த குரல். வயதுபோனவர் குரல் போல இருந்தது. “அக்காவோ? நான் லூக்காஸ்.”

“எந்த லூக்காஸ்?”

“என்ன?”

“எந்த லூக்காஸ் எண்டு கேக்கிறன்.”

“என்ன? கேக்கேல்லை. நீங்கள்... சுகமா இருக்கிறியளோ?”

நீங்கள்! அக்காவும் கணவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பஸ்தியாம்பிள்ளை காதுக்குள் சொன்னார்: “ஒவ்வொரு கேள்விக்கும் ‘என்ன, என்ன’ எண்டு யோசிக்க நேரம் எடுக்கிறான். வீட்டு நாயின்ர பேரைக் கேள்.”

“நாங்கள் குருநகரிலை வளத்த நாயின்ர பேர் என்ன?”

பின்னால் யாரோ அதட்டுவது கேட்டது. “நாய்... ஞாபகம் இல்லை அக்கா.”

சூட்டி அந்த நாயோடு ஒரு பாயில் படுத்தவன். அக்காவுக்கு நெஞ்சு கல்லாகிவிட்டது. “நீ ஆரெண்டு எனக்குத் தெரியாது. எனக்குத் தம்பி இருந்தவன், அவன் இப்பிடிக் கதைக்கமாட்டான். இனி இஞ்சை எடுக்காதை” என்று சொல்லி வைத்துவிட்டார். சரியாகச் செய்தாய் என்று பஸ்தியாம்பிள்ளை தோளைத் தட்டினார்.

மறுநாள் வேலையில், கோப்பி நேரத்தில், அக்கா சாப்பாட்டறையில் வழக்கமான கதிரையில் இருந்தார். எதிர்ச் சுவரில் அவருடைய பழைய தாள். அந்த இடத்தில் இருந்து பார்த்தால் அது நீலமாகத் தெரியும். அவருக்கு அது பார்த்துப் பழகிய நீலம். பால் எடுக்க எழுந்து சுவரோரமாக நடந்தார். நடக்க நடக்க நீலம் பச்சையானது. பச்சைக்கு மேலே, மூலைக்கு மூலை, அவர் கையால் போட்ட சிவப்புப் புள்ளடி.

பால் பெட்டியோடு அப்படியே நின்றுவிட்டார்.

ஒரே நிறத்தில் நின்ற முதல் குரலை நல்லதென்று ஏற்று, அழுத்தி, அனுப்பினோம். இவ்வளவும் நடந்த பிறகும் ஒருவன் சளசளவென்று சிரித்துக்கொண்டு அதே சூட்டியாக வந்தால் அல்லவா சந்தேகப்பட்டிருக்க வேண்டும்? ஷெல்லுக்குள்ளும் பதுங்குகுழிக்குள்ளும் கிடந்து வந்தவனின் குரல் அடைத்துப் போகாதா? நாயின் பெயர் எங்கே நிற்கும்? மாறி வந்தவனைத் தெரியாது என்று சொன்னோமே. முதல் நாள் செய்த அதே பிழை. அன்றைக்குத் தாளில், இன்றைக்குக் கூடப்பிறந்தவனில்.

கியர்ஸ்டன் ஓடிவந்தபோது அக்கா நிலத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். சிந்திய பாலைத் துடைத்துவிட்டு, என்ன ஏது என்று தெரியாமலே கியர்ஸ்டனும் பக்கத்தில் இருந்துகொண்டார். அக்கா தொலைபேசியில் கணவரிடம் சொன்னது இவ்வளவுதான்: “இஞ்சேருங்கோ, அவன் என்ர தம்பிதான். நான் புள்ளடி போட்டுட்டன்.”

வந்த எண்ணுக்குத் திரும்ப எடுத்தால் யாரோ சிங்களத்தில் பேசி வைத்தார்கள். அடுத்த தரம் எடுக்க, எண்ணே இல்லை என்றது. கடைசியில் அக்காவோடு கன்னியர் மடப் பள்ளிக்கூடத்தில் படித்த சிஸ்ரர் பற்றிமா வவுனியாவில் இருக்கிறார் என்பது நினைவுக்கு வந்தது. முகாமுக்குள் போய்வர அனுமதி கிடைக்கிற நாட்களில் சிஸ்ரர் தேடினார். ஒரு வலயத்தில் இல்லை என்றால் அடுத்த வலயம். கோடை முடிந்து, விபோர்க்கில் மரங்கள் மஞ்சளாகி உதிரத் தொடங்கிய காலத்தில் ஆளைக் கண்டுபிடித்துவிட்டு அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தார்.

“கண்டனான் செலின். அவர்தான். தாயின்ர பேர், தகப்பன்ர பேர் எல்லாம் சரி.”

“என்ன சொன்னவன்?”

“‘அக்கா என்னைத் தெரியாதெண்டு சொல்லிப்போட்டா, விடுங்கோ சிஸ்ரர்’ எண்டார். கோவமாச் சொல்லேல்லை. சும்மா, உள்ளதைச் சொல்லுற மாதிரித்தான்.”

அதைக் கேட்டுவிட்டு அக்கா அன்று சமைக்கவில்லை. ஒருவரின் இல்லாமையைத் தாங்குவதற்குக்கூட அவருக்குப் பழகிவிட்டது. உயிரோடு இருக்கிறவன், தன்னை அக்காவே கழித்துவிட்டாள் என்று நம்பிக்கொண்டு தண்ணீர் வரிசையில் நிற்கிறான் என்பதைத் தாங்குவது எப்படி என்று தெரியவில்லை. சிஸ்ரர் மூலம் சொல்லியனுப்பிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தரமும் பதில், ‘பறவாயில்லை எண்டு சொல்லுங்கோ’ என்றே வந்தது. அந்த மாதங்களில் வேலையில் அவர் ஒரு தாளையும் ஒதுக்குவதற்கு அவசரப்படவில்லை. ஊதிய பிறகு நிறம் திரும்ப மற்றவர்கள் ஒரு கணம் பொறுத்தால், இவர் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பொறுத்திருந்தார். உற்பத்தி பிந்துகிறது என்று மேலிடம் முணுமுணுத்தது. கியர்ஸ்டன் அதைத் தன்னோடு வைத்துக்கொண்டார்.

மார்கழியில் முகாமிலிருந்து ஆட்களை வெளியே விடத் தொடங்கினார்கள். சிஸ்ரர் லூக்காஸைக் கையோடு மடத்துக்குக் கூட்டிவந்து, அங்கிருந்த கணினிக்கு முன்னால் இருத்தி வைப்பதாகச் சொன்னார். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் ஜெனிதா தன் மடிக்கணினியைக் குசினி மேசையில் வைத்தாள். வெளியே பனி. ஜன்னலில் அவள் தொங்கவிட்ட காகித நட்சத்திரம். அக்கா கோயில் சேலைக்கு மேல் அந்தச் சாம்பல்நிறக் கம்பளிச் சட்டையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

திரையில் முதலில் ஒரு சுவரும் மாதா படமும் தெரிந்தன. பிறகு சிஸ்ரரின் வெள்ளை முக்காடு. அது விலக, ஒரு மனிதன். கன்னம் உள்ளே போய், தாடி நரைத்து, கண் எங்கேயோ மேசை விளிம்பில். தம்பி என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அக்காவுக்கு மூத்தவன் போல இருந்தான். ஜெனிதா மெல்ல, டேனிஷில், “இவர்தானா மாமா?” என்று கேட்டாள்.

“லூக்காஸ்” என்றார் அக்கா.

“என்ன? இந்தக் காது இப்ப கேக்காது.” அவன் தலையைச் சரித்து, மற்றக் காதைக் கணினிக்குக் கிட்டக் கொண்டுவந்தான். திரும்பும்போது, கேட்காத காதின் பின்னாலிருந்து கழுத்து வரை ஒரு நீண்ட தழும்பு ஓடியது. தொலைபேசியில் கேட்ட ‘என்ன, என்ன’ எல்லாம் அக்காவுக்கு இப்போது விளங்கியது.

“அந்த நாயின்ர பேர்” என்று அவனாகவே தொடங்கினான். “எவ்வளவோ யோசிச்சுப் பாத்தனான். இன்னும் வருதில்லை. நீங்கள் நம்பாட்டிப் பறவாயில்லை.”

“நாய் கிடக்கட்டும்.” அக்கா திரைக்குக் கிட்டக் குனிந்தார். “பிழை என்னிலைதான். அசலுக்குப் புள்ளடி போட்டுட்டன், சூட்டி. என்னை மன்னிச்சுக்கொள்.”

படம் உறைந்துவிட்டதோ என்று ஜெனிதா கையை நீட்டினாள். அக்கா அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினார். பொறுத்திருந்தார். இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தார்.

உள்ளே போயிருந்த அந்தக் கன்னத்தில், உதட்டின் ஓரத்தில், ஏதோ ஒன்று அசைந்தது.

“அதென்ன புதிசோ?” என்றான். “சின்னனிலை என்ர கணக்குக்கு முழுக்க உன்ர புள்ளடிதானே, அக்கோய்.”

ஒரு மூச்சு நேரம்தான். பிறகு அந்த முகம் மறுபடி அணைந்து, கண் மேசை விளிம்புக்குப் போய்விட்டது.

“செலின், பாத்தனியோ?” என்றார் பஸ்தியாம்பிள்ளை.

அக்கா கம்பளிச் சட்டையின் கையைத் திருப்பித் தேடினார். முழங்கைக்குக் கீழே ஒட்டியிருந்த ஒரு வெள்ளை வட்டத்தை நகத்தால் பக்குவமாக உரித்தெடுத்து, திரையின் வலது மூலையில், அவன் தோளுக்குப் பக்கத்தில் ஒட்டி, பெருவிரலால் அழுத்தினார். அழுத்திய விரலை எடுக்கவில்லை.